யூதித்து ஓவியம் வெறும் பழிவாங்கலா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் பதினேழாம் நூற்றாண்டு இத்தாலிய ஓவியர் ஆர்ட்டெமீசியா ஜென்டிலெஸ்கியைப் பற்றி வந்த கட்டுரையில், அவருடைய யூதித்து ஓவியத்தைக் காட்டி, ‘தனக்கு நடந்த கொடுமைக்குத் தூரிகையால் பழிவாங்கினாள்’ என்று ஒரு வரி. அதையே பெரிய எழுத்தில் பக்கத்தின் நடுவிலும் போட்டிருந்தீர்கள். படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை.

1611-இல் அகொஸ்தினோ தாஸி என்ற ஓவியர் ஆர்ட்டெமீசியாவைப் பலாத்காரம் செய்தது உண்மை. மறு வருடம் ரோமில் நடந்த வழக்கில், அவர் சொல்வதைச் சோதிக்க விரல்களைக் கயிற்றால் இறுக்கியதும் உண்மை. யாரும் மறைக்க வேண்டாம். ஆனால் இரண்டு பக்கக் கட்டுரையில் ஓவியத்துக்குக் கிடைத்தது ஒரே பத்தி. அந்தக் கொடுமைக்கு முன்பே, 1610-இல், பதின்ம வயதில் ‘சூசன்னாவும் முதியோரும்’ வரைந்து கையெழுத்திட்டவர் அவர். புளோரன்ஸ் ஓவியக் கழகம் 1616-இல் சேர்த்துக்கொண்ட முதல் பெண்ணும் அவர்தான். இதெல்லாம் எங்கே போயிற்று?

படத்தையாவது பார்த்திருக்கலாம். யூதித்து என்ற பெண், எதிரிப் படைத்தலைவன் ஒலோபெரினின் தலையை வெட்டும் காட்சி அது. கத்தோலிக்க விவிலியத்தில் உள்ள யூதித்து நூலில் பணிப்பெண் படுக்கையறைக்கு வெளியேதான் நிற்கிறாள். இதே காட்சியை வரைந்த இத்தாலிய ஓவியர் கரவாஜியோ அவளை உள்ளே கொண்டுவந்தார். ஆனால் தலையை வாங்கிக்கொள்ளக் காத்திருக்கும் கிழவியாக நிறுத்திவிட்டார். ஆர்ட்டெமீசியாவின் பணிப்பெண் இளம்பெண். ஒலோபெரினை மேலிருந்து அழுத்திப் பிடிக்கிறாள். அவன் முஷ்டி அவள் தாடைக்குக் கீழே முட்டுகிறது. மீன் அரிகிறவர்கள் சேலையில் படாமல் தள்ளி இருந்துகொள்கிற மாதிரி, யூதித்து கைகளை நீட்டி உடம்பைப் பின்னுக்கு இழுத்திருக்கிறாள். முகத்தில் வெறி இல்லை, கவனம்தான். குடித்துக் கிடக்கும் ஒரு படைத்தலைவனை இரண்டு பெண்கள் எப்படி அடக்குவார்கள், யார் கை எங்கே இருக்கும் என்று யோசித்து யோசித்து வரைந்த படம் அது.

நானும் வரைகிறவள். கணவர் இறந்த பிறகு நான் வைத்த கண்காட்சிக்கு ஒரு நிருபர் வந்தார். ‘இந்த நீலம் உங்கள் துக்கமா அம்மா?’ என்று கேட்டார். அது முட்டம் கடல் என்று சொன்னேன். அச்சில் துக்கம்தான் வந்தது. உங்கள் பத்திரிகையிலும் ஆண் ஓவியர் என்றால் வண்ணம், வெளிச்சம், நிழல் என்று பத்தி பத்தியாக எழுதுகிறீர்கள். பெண் என்றால் கல்யாணம், கண்ணீர். இதைச் சொல்லி முன்பும் ஒரு கடிதம் போட்டேன். பாராட்டிய பாதியை மட்டும் வெளியிட்டீர்கள்.

அப்புறம், காசு விஷயம். புளோரன்ஸை ஆண்ட கோசிமோ மெடிச்சிக்குக் கொடுத்த யூதித்து ஓவியத்துக்கான பணம் விஞ்ஞானி கலிலியோ தலையிட்டதால்தான் கைக்கு வந்தது என்று 1635-இல் கலிலியோவுக்கே எழுதியிருக்கிறார் ஆர்ட்டெமீசியா. செய்த வேலைக்குக் கூலியைக் கேட்டு வாங்கிப் பிழைத்த கலைஞர். தங்களுக்கு இது தெரியாமல் இருக்காது.

நான் கேட்பது ஒரு திருத்தம்தான். யூதித்து காட்சியை ஆர்ட்டெமீசியா இரண்டு முறை வரைந்திருக்கிறார். படத்தின் கீழே, அருங்காட்சியகத்தின் பெயராக ‘உஃபீஸி, புளோரன்ஸ்’ என்று போட்டிருந்தீர்கள். நீங்கள் அச்சிட்டது நேப்பிள்ஸின் கப்போதிமோந்தே அருங்காட்சியகத்தில் உள்ள முந்தைய படம். அதில் யூதித்துக்கு நீல உடை. 1620 வாக்கில் வரைந்த புளோரன்ஸ் படத்தில் மஞ்சள் உடை, கையில் வளையும் உண்டு. முடிந்தால் அந்த மஞ்சள் உடைப் படத்தைக் கலரில், ஓரம் வெட்டாமல் போடுங்கள். வாளின் அலகில் அவர் கையெழுத்து இருக்கிறது. படத்தைச் சின்னதாக்கினால் அது தெரியாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியை,
நாகர்கோவில்