நம் பாய்ப்படகுக்குப் பெயிண்ட் அடிக்கவில்லை

தரங்கம்பாடி,
ஆவணி 12

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். பேத்தியின் காதுகுத்து நல்லபடியாக நடந்ததை அறிந்து மகிழ்ந்தேன். நம் ஃபைபர் பாய்ப்படகு எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள்.

உப்பனாற்றங்கரையில் வெயிலிலேயே கிடந்ததால், விரலால் தடவினால் சுண்ணாம்புபோல் ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு அது வெளுத்துவிட்டது. பார்த்தவர்கள் எல்லாரும் இரண்டு கோட் பெயிண்ட் அடிக்கச் சொன்னார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. பின்பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பழைய மெழுகைத் துடைத்தெடுத்துவிட்டு, 800 எண் வாட்டர் பேப்பரை (ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாள்) நனைத்து மெதுவாகத் தேய்த்தேன். பால்போல் நீர் வழிந்து, அடியிலிருந்து அந்தப் பழைய இளநீலம் மேலே வந்தபோது, அங்கிருந்து கையை எடுக்கவே தோன்றவில்லை. பிறகு 1000, 1500, 2000 என்று இன்னும் நைசான தாள்களுக்கு ஏறி, ரப்பிங் காம்பவுண்ட் என்னும் மெருகுப் பசையும் மெழுகும் போட்டேன். ஃபைபரின் மேல் நிறம் தரும் பூச்சான ஜெல்கோட்டின் கனம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்தான் என்பதாலும், விளிம்பில் சற்று அழுத்தினாலே அடியிலுள்ள கண்ணாடி இழை தெரிந்துவிடும் என்பதாலும் தேய்க்கும் மெஷினைத் தொடவில்லை.

முன்மூக்கருகே கருங்கல்லில் மோதிய இடத்தைக் கார்ப் பட்டி (கார் பள்ளங்களை அடைக்கும் பசை) வைத்து நான் அடைத்தேன் அல்லவா, அதுதான் பெரிய வருத்தம். பட்டி நீர் குடித்து ஊறி, சுரண்டியதும் ஈரமண்ணாய் உதிர்ந்தது. சுற்றிலுமிருந்த கொப்புளம் ஒன்றைக் குத்தியதும் புளித்த வாடையோடு நீர் கசிந்தது. நல்ல தண்ணீரில் கழுவி வாரக்கணக்கில் காயவிட்டேன். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு இக்கரையில் ஃபைபர் படகுகள் பெருகியதால் வேலை தெரிந்த இளைஞர்களுக்குக் குறைவில்லை. அவர்களில் ஒருவர் பள்ளத்தின் ஓரங்களைச் சரிவாகத் தேய்த்து, கண்ணாடி இழை விரிப்பை ரெசின் என்னும் பிசினில் நனைத்துப் படியவைத்தார். நம்மூர் வெயிலில் ரெசின் சீக்கிரம் இறுகிவிடும் என்று 100 கிராமுக்கு 1 கிராம் கெட்டலிஸ்ட்தான் (இறுகவைக்கும் திரவம்) சேர்த்தார். காற்றுப்பட்டால் ஜெல்கோட்டின் மேற்பரப்பு பிசுபிசுப்பு நீங்காது என்பதால், அதன்மேல் புது ஜெல்கோட்டைப் பூசியதும் பாலிதீன் தாளை ஒட்டி மூடினார். அவ்விடம் இன்னும் ஒரு சாயல் கூடுதலாகவே தெரிகிறது. பழைய நீலம் வெளுத்திருப்பதால் அது பொருந்தாதுதான்.

ஐப்பசி மழை பிடிப்பதற்குள் வலப்பக்கத்தை முடித்தாக வேண்டும். 2000 எண் பேப்பர் தீர்ந்துவிட்டது. கும்பகோணத்தில் கிடைத்தால் பத்துத் தாள் வாங்கி வாருங்கள். உங்கள் வீட்டுப் பரணில் கிடக்கும் சுக்கானையும் மறக்காமல் எடுத்து வாருங்கள்.

என்றும் அன்புடன்,
தங்கள் நண்பன்