செயலாளர் ஆண்டறிக்கை 2025: விடுதியில் பாலே பயிலும் பிள்ளைகளும் கேள்வி கேட்க வேண்டிய பெற்றோரும்

தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், பெற்றோருக்கும், பேரப்பிள்ளைகளுக்காக இந்தக் குளிரிலும் வந்திருக்கும் அம்மம்மா, அப்பப்பாமாருக்கும் வணக்கம். 2025ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார்.

லண்டனின் ஹாரோ பகுதியிலும் அதைச் சுற்றியும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் பிள்ளையை, ஐரோப்பிய நடனமான பாலே பயிற்றும் விடுதிப் பள்ளிக்கு அனுப்பியவர்கள் மிகக் குறைவு. மற்ற வீடுகளில் 11 வயதுப் பிள்ளை பரீட்சை வைத்துப் பிள்ளைகளை எடுக்கும் அரசுப் பள்ளியான கிராமர் ஸ்கூலின் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கும்போது, நம் வீடுகளில் பெட்டி கட்டி, உடுப்புகளில் பெயர்த்துணி தைத்துக்கொண்டிருக்கிறோம். "இந்த வயதில் விடுதியிலா?", "படிப்பு என்னாகும்?", "ஆட்டத்தால் சோறு கிடைக்குமா?" என்ற கேள்விகள் எல்லார் வீட்டிலும் ஒரே மாதிரிதான் வருகின்றன. அவற்றுக்குப் பதில் சொல்லிக் களைத்தவர்கள் ஓர் இடத்தில் உட்கார்ந்து கதைக்கத்தான் இந்தச் சங்கம். இந்த ஆண்டு புதிய குடும்பங்கள் சேர்ந்திருக்கின்றன. ஆண் பிள்ளைகளின் பெற்றோரும் வரத் தொடங்கியிருப்பது எனக்குத் தனிப்பட்ட முறையில் பெரிய மகிழ்ச்சி. பாலே ஆடும் மகனைப் பற்றி உறவுக்காரர் முன் வாய் திறக்காமல் இருந்த அப்பாக்கள் இங்கே வாய் திறந்து பேசுகிறார்கள்.

இந்த ஆண்டுக் கூட்டங்களில் நாம் திரும்பத் திரும்பப் பேசியது, பள்ளியிடம் கேள்வி கேட்பதைப் பற்றித்தான். குருவிடம் ஏன் என்று கேட்பது மரியாதை இல்லை என்று வளர்ந்தவர்கள் நாம். நடன ஆசிரியர் என்றால் இன்னும் ஒரு படி மேல். அதோடு இடம் கிடைப்பதே அரிது. 8 வயதிலிருந்து சனிக்கிழமை வகுப்புகள், குளிர்கால ஆடிஷன்கள், பாதத்தையும் இடுப்பு மூட்டையும் சோதித்துப் பார்க்கும் பிசியோதெரபிஸ்ட், அப்புறம் ஒரு கடிதம். அந்தக் கடிதம் வந்த வீட்டில் நன்றி உணர்வு பெருகி, பெற்றோரின் வாயைக் கட்டிவிடுகிறது. இடத்தைக் கொடுத்தவர்களிடம் குறை கேட்பதா என்று தயங்குகிறோம்.

2023 செப்டம்பரில் பிபிசியின் பனோரமா நிகழ்ச்சியில், நாட்டின் முன்னணிப் பாலே பள்ளிகளில் படித்த முன்னாள் மாணவர்கள், தங்கள் உடலைப் பற்றிச் சொல்லப்பட்ட வார்த்தைகளையும் அதனால் உணவோடு தங்களுக்கு ஏற்பட்ட போராட்டத்தையும் வெளிப்படையாகச் சொன்னார்கள். அதைப் பற்றி நம் பிள்ளைகளோடு ஒரு மாலை கதைத்தோம். இப்படி ஒன்று நடந்தால் வீட்டில் சொல்வீர்களா என்று கேட்டபோது, மூத்த பிள்ளைகள் சொன்ன பதில் நம்மில் பலரை உலுக்கியது. சொன்னால் அம்மா அப்பா பள்ளியை விட்டு எடுத்துவிடுவார்கள், அதனால் சொல்ல மாட்டோம் என்றார்கள். பிள்ளை மறைக்கிறது, பெற்றோர் கேட்கவில்லை என்றால், இடையில் யாருக்குமே ஒன்றும் தெரியாமல் போகும்.

ஆகவே, தவணைக் கூட்டத்துக்குப் போகும்போது கையில் கொண்டு போக ஒரு கேள்வித்தாள் தயாரித்தோம். பிள்ளைகளின் எடையை யாராவது பார்க்கிறார்களா, பார்த்தால் எதற்காக, அந்த எண் யாரிடம் போகிறது? காயம்பட்ட பிள்ளை ஆடாமல் இருக்கும் வாரங்களில் என்ன செய்கிறது? வகுப்பில் உடலைத் தொட்டுத் திருத்தும்போது பிள்ளையிடம் அனுமதி கேட்கிறார்களா? இரவில் பிள்ளை அழுதால் எந்தக் கதவைத் தட்ட வேண்டும்? இங்கிலாந்தின் விடுதிப் பள்ளிகளுக்கான தேசியக் குறைந்தபட்சத் தரநிலைகள் 2022 செப்டம்பரில் புதுப்பிக்கப்பட்டன. பள்ளி ஊழியரும் பெற்றோரும் அல்லாத வெளியாள் ஒருவரைப் பிள்ளை நேரடியாகத் தொடர்பு கொள்ள வழி இருக்க வேண்டும் என்பது அதில் உண்டு. அந்த ஆள் யார் என்று தன் பிள்ளைக்குத் தெரியுமா என நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்? தயவுசெய்து இந்த வாரமே கேளுங்கள். கேள்வித்தாளைப் பார்த்து முகம் சுளித்த பள்ளி எதுவும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஓர் ஆசிரியை, இப்படிக் கேட்கும் பெற்றோர் வேண்டும் என்றே சொல்லியனுப்பினார்.

அடுத்தது காசு. 2025 ஜனவரி 1 முதல் தனியார் பள்ளிக் கட்டணங்களுக்கும் விடுதிக் கட்டணங்களுக்கும் 20 சதவீத வாட் வரி வந்துவிட்டது. மியூசிக் அண்ட் டான்ஸ் ஸ்கீம் என்ற அரசு உதவித் திட்டம் இல்லாவிட்டால் நம் குடும்பங்களில் பெரும்பாலானவை இந்தப் பக்கமே வந்திருக்க முடியாது. நடனத்துக்கு ராயல் பாலே பள்ளி, பர்மிங்காமின் எல்ம்ஹர்ஸ்ட், ஹர்ட்ஃபர்ட்ஷயரின் ட்ரிங் பார்க், செஸ்டரின் ஹாமண்ட் ஆகியவை அதில் அடங்கும். பெற்றோர் வருமானத்தைப் பார்த்து உதவித்தொகை தீர்மானிக்கப்படுகிறது. வாட் வந்தபோது, குறைந்த வருமானக் குடும்பங்களின் பங்கு அதனால் ஏறாதபடி அரசு உதவியைச் சரிசெய்தது. நடுவில் நிற்கும் குடும்பங்களுக்குத்தான் இடி. இரண்டு பேரும் வேலை பார்த்து, வீட்டுக்கடன் கட்டி, ஊரிலும் பெற்றோரைப் பார்ப்பவர்களுக்கு இந்த ஆண்டு மிகக் கடினமாக இருந்தது. வருமானப் படிவத்தை ஒவ்வோர் ஆண்டும் நிரப்ப வேண்டும். சுயதொழில் செய்பவர்களுக்கு அதில் உதவ, கணக்காளரான நம் உறுப்பினர் ஒருவர் தன் வீட்டு மேசையில் இடம் கொடுத்தார். அவருக்கு இந்தச் சபை கடமைப்பட்டிருக்கிறது.

இப்போது, கொஞ்சம் கூடுதல் நேரம் எடுத்துப் பேச வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளையின் உடல்.

நாளுக்கு மணிக்கணக்கில் ஆடும் பிள்ளை, அந்த அளவுக்குச் சாப்பிடாவிட்டால், உடல் ஒவ்வொரு வேலையாக நிறுத்திச் சக்தியைச் சேமிக்கத் தொடங்கும். இதற்கு ரெட்-எஸ், அதாவது விளையாட்டில் வரும் சக்திக் குறைபாடு என்று பெயர். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இல் இந்தப் பெயரில் இதை விளக்கி, 2023இல் புதுப்பித்தது. பெண் பிள்ளைகளில் மாதவிடாய் தள்ளிப் போகும், அல்லது வந்தது நின்று போகும். ஈஸ்ட்ரோஜன் குறையும். எலும்பு உறுதி பெற வேண்டிய பருவத்தில் உறுதி பெறாது. பிறகு பாதத்திலோ முழங்காலுக்குக் கீழோ மெல்லிய முறிவு வரும். ஆண் பிள்ளைகளுக்கும் இது வரும், அவர்களில் கண்டுபிடிப்பதுதான் கடினம்.

நம் சமூகத்தில் இதை இன்னும் சிக்கலாக்குவது, பெண் பிள்ளை பெரியவளானதும் மண்டபம் பிடித்துக் கொண்டாடும் சாமத்திய வீடு. பிள்ளைக்கு 14 ஆகிவிட்டது, 15 ஆகிவிட்டது, இன்னும் மண்டபம் பிடிக்கவில்லையா என்று சொந்தக்காரர் கேட்கிறார்கள். பாலே ஆடுகிறாள், அதுதான் பிந்துகிறது, அது வழமைதான் என்று நாமும் பதில் சொல்லிவிடுகிறோம். அது வழமை இல்லை. 15 வயதாகியும் மாதவிடாய் வரவில்லை என்றாலோ, 13 வயதில் பருவமடையும் வேறு அறிகுறியும் இல்லை என்றாலோ, வந்தது தொடர்ந்து மூன்று மாதம் நின்றாலோ, குடும்ப வைத்தியரான ஜிபியிடம் கூட்டிப் போங்கள். போகும்போது, பிள்ளை வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஆடுகிறது என்பதை எழுதிக்கொண்டு போங்கள். சொல்லாவிட்டால் வைத்தியருக்கு அது தெரிய வழியில்லை. அதே நேரத்தில், மண்டபம் பற்றிய கேள்வியைப் பிள்ளையின் காதுபட யாரும் கேட்க வேண்டாம் என்று பெரியவர்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

இதோடு சேர்ந்த இன்னொன்றும் உண்டு. லீவுக்கு வீட்டுக்கு வந்த பிள்ளையைக் கலியாண வீட்டில் பார்த்தவுடன் "மெலிஞ்சு போனாய்", "கறுத்துப் போனாய்" என்கிறோம். அன்பில்தான் சொல்கிறோம். ஆனால் அந்தப் பிள்ளை காலை முதல் மாலை வரை கண்ணாடிக்கு முன் நிற்கிறது. தன் உடலைப் பற்றிய ஒரு சொல்லும் அதற்கு வெறும் சொல் இல்லை. நம் ஒன்றுகூடல்களில் எந்தப் பிள்ளையின் உடல், நிறம் பற்றியும் கருத்துச் சொல்வதில்லை என்று நிர்வாகக் குழு இந்த ஆண்டு தீர்மானித்தது. "என்ன ஆடுகிறாய், எது பிடித்திருக்கிறது?" என்று கேளுங்கள். பிள்ளைகள் நிறையப் பேசுவார்கள்.

விட்டமின் டி பற்றியும் பேசினோம். தெற்காசியப் பின்னணி உள்ளவர்கள் ஆண்டு முழுவதும் தினமும் 10 மைக்ரோகிராம் எடுப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும் என்று அரசு மருத்துவச் சேவையான என்ஹெச்எஸ் சொல்கிறது. பகல் முழுக்க ஸ்டூடியோவுக்குள் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு அது இரட்டிப்பாகப் பொருந்தும். விடுதித் தாதியிடம் சொல்லி ஒழுங்கு செய்யலாம். காயம் என்றால், நடனக் கலைஞர்களுக்கென்றே என்ஹெச்எஸ் காயச் சிகிச்சை நிலையங்கள் உண்டு. லண்டனில் ராயல் நேஷனல் ஆர்த்தோபீடிக் மருத்துவமனை அதை நடத்துகிறது. ஜிபி கடிதம் வேண்டும், காசு இல்லை. இது தெரியாமல் தனியாரிடம் பெருந்தொகை கொடுத்த குடும்பங்கள் நம்மில் உண்டு.

சாப்பாட்டுப் பொதி அனுப்புவது பற்றி ஒரு வார்த்தை. கச்சானும் (நிலக்கடலை) எள்ளுருண்டையும் அனுப்பாதீர்கள். ஒவ்வாமை காரணமாகப் பல விடுதிகளில் அனுமதி இல்லை. அனுப்புமுன் விடுதியைக் கேளுங்கள். மரக்கறி மட்டும் சாப்பிடும் பிள்ளைகளுக்கு இரும்புச் சத்தும் புரதமும் விடுதி மேசையில் எதிலிருந்து கிடைக்கிறது என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

கோடை லீவு பற்றி என் சொந்தக் கருத்து இது, எல்லாரும் ஒத்துக்கொள்ள மாட்டீர்கள். ஓராண்டு முழுவதும் ஆடிய பிள்ளை வீடு வந்த மறுநாளே அரங்கேற்றப் பயிற்சி, தாளக்கட்டு, கலியாண வீட்டில் ஓர் ஆட்டம் என்று வைப்பது பிழை. பரதம் அந்தப் பிள்ளைகளுக்குச் சொந்தமானது, ஆட விரும்பினால் ஆடட்டும். ஆனால் வளரும் வயதில் குதிக்காலும் முழங்காலும் ஏற்கெனவே இழுபட்டுக் கிடக்கும்போது, கடினத் தரையில் மணிக்கணக்கில் தட்டி ஆடுவது ஓய்வு இல்லை. சில வாரம் தூங்கட்டும், கடற்கரைக்குப் போகட்டும், தம்பியோடு சண்டை பிடிக்கட்டும்.

கால் விரல் நுனியில் நின்று ஆடப் போடும் பாயின்ட் சப்பாத்து தைக்கும் மாலைகள் இந்த ஆண்டும் நடந்தன. ஒரு சோடி 50 பவுண்டு அளவில் ஆகும், மூத்த பிள்ளைகளுக்கு அது சில வாரம்கூடத் தாங்காது. ரிப்பனும் எலாஸ்டிக்கும் தைக்க அம்மாமார் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள், விடுதியில் தாங்களே தைக்க வேண்டுமே. பள்ளிச் சீருடைபோல "வளர்ந்தால் போடலாம்" என்று ஓர் அளவு பெரிதாக வாங்கவே கூடாது, இன்னொருவர் போட்டதையும் போடக் கூடாது, கணுக்கால் போய்விடும். முன்பு நம் பிள்ளைகள் இளஞ்சிவப்புச் சப்பாத்துக்குத் தங்கள் தோல் நிறம் வர ஃபவுண்டேஷன் பூசிக்கொண்டிருந்தார்கள். 2018இல் சப்பாத்து செய்யும் ஃப்ரீட் நிறுவனம், கறுப்பின, ஆசிய நடனக் கலைஞர்களின் பாலே பிளாக் குழுவோடு சேர்ந்து பழுப்பு, வெண்கல நிறச் சப்பாத்துகளைக் கொண்டு வந்தது. உங்கள் பள்ளியில் தோல் நிறச் சப்பாத்தும் காலுறையும் அனுமதியா என்பதும் கேள்வித்தாளில் இருக்கிறது.

பள்ளியிலிருந்து விலக்கப்படுவது பற்றி எழுதாமல் இந்த அறிக்கை முடியாது. மதிப்பீட்டு முறை பள்ளிக்குப் பள்ளி வேறுபடும். ஆனால் இடம் எப்போதும் நிலையானது இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். 16 வயதில் மேல் பிரிவுக்குப் போகும்போதும் புதிதாகத் தேர்வாக வேண்டும். இந்த ஆண்டு நம் குடும்பம் ஒன்றின் பிள்ளைக்கு அந்தச் செய்தி வந்தது. 16 வயதில் எழுதும் பொதுப் பரீட்சையான ஜிசிஎஸ்இ படிப்பு பாதியில் இருக்க, புதிய பள்ளி தேட வேண்டியிருந்தது. கவுன்சிலில் ஆண்டு நடுவே இடம் கேட்க வேண்டும், பாடங்கள் ஒத்துப்போக வேண்டும், பரீட்சைச் சபை வேறாக இருந்தால் படித்த பாதி வீணாகும். நம் உறுப்பினர்கள் சேர்ந்து பள்ளிகளுக்குப் போன் போட்டார்கள், கூடப் போனார்கள். இன்று அந்தப் பிள்ளை வீட்டிலிருந்து பள்ளிக்குப் போகிறது, வார இறுதியில் ஆடவும் செய்கிறது. அந்த வாரங்களில் அந்த வீட்டுக்குச் சமைத்து அனுப்பியவர்களை மறக்க முடியாது. "அப்பவே சொன்னோம்" என்று யாரும் சொல்லாததற்கு அந்த அம்மா நன்றி சொல்லச் சொன்னார்.

18 வயதை எட்டும் பிள்ளைகளின் பெற்றோருக்குத் தனிக் கூட்டம் வைத்தோம். பிரிட்டனில் பாலே குழுக்களில் இடங்கள் சில மட்டுமே. பலருக்கு வேலை ஐரோப்பாவில்தான். 2021க்குப் பிறகு பிரிட்டிஷ் கடவுச்சீட்டோடு அங்கே வேலை செய்ய விசா வேண்டும். ஆடிஷனுக்குப் புறப்படுமுன் அந்தந்த நாட்டு விதிகளைப் பாருங்கள்.

அரைத்தவணை லீவில், புகழ்பெற்ற ரஷ்யப் பாலே நடனக்காரி அன்னா பாவ்லோவா வாழ்ந்த கோல்டர்ஸ் கிரீன் ஐவி ஹவுஸை வெளியிலிருந்து பார்க்கப் பிள்ளைகளையும் பெரியவர்களையும் கூட்டிப் போனோம். பாவ்லோவாவின் நட்பால் ருக்மிணி தேவி பாலே கற்றதையும், பிறகு பரதத்தின் பக்கம் திரும்பி 1936இல் கலாக்ஷேத்ராவைத் தொடங்கியதையும் பிள்ளைகளுக்குச் சொன்னது ஓர் அப்பம்மா. பேத்தி பாலேக்குப் போவதை அதிகம் எதிர்த்தவர் அவர்தான்.

ஞாயிறு மாலைகளில் பிள்ளைகளைத் திரும்பக் கொண்டு போய்விடும் கார் ஒழுங்கு நன்றாக நடக்கிறது. பர்மிங்காம் பக்கம் போகும் பெற்றோர் இன்னும் சிலர் பெயர் தர வேண்டும். ட்ரிங் போவோருக்கு ஹாரோ அண்ட் வீல்ட்ஸ்டோனிலிருந்து நேரடி ரயில் உண்டு. மூத்த பிள்ளைகள் சேர்ந்து போகலாம்.

வரும் ஆண்டுக்கு நிர்வாகக் குழு இரண்டு தீர்மானங்களை முன்வைக்கிறது. கேள்வித்தாளை எளிய தமிழில் அச்சிட்டு, புதிதாக ஆடிஷனுக்குப் போகும் குடும்பங்களுக்கும் கொடுப்பது ஒன்று. விலக்கப்படும் பிள்ளையின் குடும்பத்துக்கு முதல் மாதத்திலேயே உதவ, கல்வித் துறையில் வேலை செய்யும் உறுப்பினர்கள் கொண்ட சிறு குழு அமைப்பது மற்றது. சிறுத்துப்போன லியோடார்டுகளையும் (உடலோடு ஒட்டிய ஆட்ட உடை) சீருடைகளையும் இன்று கொண்டு வந்தவர்கள் வாசலுக்குப் பக்கத்து மேசையில் வைக்கவும், பாயின்ட் சப்பாத்து வேண்டாம். அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு சபையைக் கேட்டுக்கொண்டு, பொருளாளரை அழைக்கிறேன்.