நீலக் கட்டம் போட்ட கைலிக்காரருக்கும் மற்றவர்களுக்கும்

அன்புள்ள உங்கள் எல்லாருக்கும்,

வணக்கம். 2015 டிசம்பர் முதல் வாரம் சென்னையை வெள்ளம் சூழ்ந்தபோது, ஜாபர்கான்பேட்டையில் அடையாற்றை ஒட்டிய தெருவொன்றில் தரைத்தளத்தில் குடியிருந்த கிழவன் நான். ஒரு பிளாஸ்டிக் கூடை நிறையப் புத்தகத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, அது இல்லாமல் படகில் ஏற மாட்டேன் என்று அடம்பிடித்தவன் என்றால் சிலருக்கு ஞாபகம் வரலாம். உங்களில் பலருடைய பெயர் எனக்குத் தெரியாது. தெரிந்த ஒன்றிரண்டையும் எழுதவில்லை, கேட்காமல் எழுதுவது சரியில்லை. பத்து வருடம் தாமதமாக இந்த மடல் வருகிறது. அதற்கு என் சோம்பல் பாதிக் காரணம். மீதிக் காரணத்தைப் போகப் போகச் சொல்கிறேன்.

கல்லூரியில் முப்பத்திரண்டு ஆண்டு தத்துவம் நடத்தினேன். மனிதன் இயல்பிலேயே நல்லவனா கெட்டவனா என்ற பாடம் வந்தால் நான் எந்தக் கட்சி என்பது பையன்கள் எல்லாருக்கும் தெரியும். 1651-ல் ஹாப்ஸ் என்ற ஆங்கிலேயர் எழுதியதில் ஆரம்பிப்பேன்: மேலே ஓர் அரசும் தண்டனை பற்றிய பயமும் இல்லையென்றால் ஆளுக்கு ஆள் பகைதான், யாருக்கும் உயிர் நிச்சயமில்லை. அப்புறம் நியூயார்க்கில் 1964-ல் கிட்டி ஜெனோவீஸ் என்ற இளம்பெண் நள்ளிரவு தாண்டி வீட்டு வாசலருகே குத்திக் கொல்லப்பட்ட கதை. 38 பேர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள், ஒருவர்கூடப் போலீசைக் கூப்பிடவில்லை என்று பத்திரிகையில் வந்ததை அப்படியே சொல்வேன். வகுப்பு கப்சிப் என்று ஆகிவிடும். எனக்கு அந்த அமைதி பிடிக்கும்.

டிசம்பர் 1, செவ்வாய்க்கிழமை இரவு, ஹாப்ஸ் எங்கள் தெருவுக்கே வந்துவிட்டார். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் ஆற்றில் இறங்கிக்கொண்டிருந்தது. கரண்ட் இல்லை, செல்போனில் உயிர் இல்லை, விமான நிலையத்தை மூடிவிட்டார்கள். 1878 முதல் வந்துகொண்டிருக்கும் ‘தி இந்து’கூட மறுநாள் சென்னையில் அச்சாகவில்லை, அச்சுக்கூடத்துக்கு ஆள் போய்ச் சேர வழியில்லை. எங்கள் தெருவில் சட்டம் என்று சொல்ல மிச்சமிருந்தது முனையில் பாதி முழுகி நின்ற ‘நோ பார்க்கிங்’ பலகை மட்டும்தான்.

இரண்டாவது மாடி அம்மாவுக்கு: நம் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்று அப்போது இரண்டு வருடம். மோட்டாரை யார் எத்தனை மணிக்குப் போடுவது என்ற தகராறு. (தண்ணீர் பிரித்ததைத் தண்ணீரே சேர்த்தது என்று யாராவது கவிதை எழுதிவிடுவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.) இரவு பன்னிரண்டு மணிக்கு முழங்கால் தண்ணீரில் இறங்கி வந்து கதவை உடைக்கிற மாதிரி தட்டினீர்கள். தூக்கக் கலக்கத்தில் நான் “மோட்டார் நான் போடலை” என்றேனாம். “மோட்டாரத் தூக்கிக் குப்பையில போடுங்க சார், அக்காவக் கூட்டிக்கிட்டு மேல வாங்க” என்றீர்கள். விடிந்து பார்த்தால் எங்கள் ஜன்னலின் மேல் கம்பி மட்டும்தான் வெளியே தெரிந்தது. உங்கள் இரண்டு அறைக்குள் பதினேழு பேர். ஒரு சிலிண்டர், அரை மூட்டை அரிசி. எல்லாருக்கும் கஞ்சி ஊற்றிவிட்டு நீங்கள் கடைசியாக உட்கார்ந்தபோது பானையில் என்ன மிச்சமிருந்தது என்று எனக்குத் தெரியும். நான் பார்த்தது உங்களுக்குத் தெரியாது.

அடுத்த வருடம், 2016-ல், அந்த ஜெனோவீஸ் கதையைப் பற்றி மறுபடி படித்தேன். 38 என்ற எண்ணிக்கை மிகைப்படுத்தியது, அந்தச் செய்தியிலேயே பிழைகள் இருந்தன என்று அதை வெளியிட்ட பத்திரிகையே ஒப்புக்கொண்டிருந்தது. பெரும்பாலானவர்கள் ஏதோ சத்தம் கேட்டதோடு சரி, கண்ணால் கண்டவர்கள் சிலரே. இன்னொன்றும் இருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி, கொலைகாரன் இன்னும் அங்கேயே நிற்கிறானா போய்விட்டானா என்றுகூடத் தெரியாமல் படியிறங்கி ஓடி, அந்தப் பெண்ணைக் கையில் தாங்கிக்கொண்டிருந்தாள். முப்பத்திரண்டு வருடம் நடத்திய கதையில் அந்தப் படியிறங்கிய பெண் இல்லவே இல்லை. அம்மா, எனக்கு உங்கள் முகம்தான் நினைவுக்கு வந்தது.

கேன் தண்ணீர்த் தம்பிக்கு: முப்பது ரூபாய் கேனை புதன்கிழமை 150 ரூபாய்க்கு விற்றாய். லாரி டியூபில் கட்டி மிதக்கவிட்டுக் கொண்டுவந்த சிரமத்துக்குக் கூலி என்று வைத்துக்கொண்டாலும் அது அநியாயம், இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். மறுநாள் படகு வந்தபோது, முட்டிவலியால் நடக்க முடியாத என் மனைவியைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கி, பாசி பிடித்த படியில் ஒவ்வொரு படியாக இறக்கியவனும் நீதான். காசு கேட்கவில்லை. நான் கொடுக்கவும் இல்லை, முந்தின நாள் 150 மனதில் இருந்தது. இரண்டையும் கூட்டிக் கழித்து உனக்கு ஒரு மதிப்பெண் போடப் பல நாள் முயற்சி செய்தேன். வாத்தியார் புத்தி. விடை வரவில்லை, விட்டுவிட்டேன்.

மூன்று இரவு எங்களைத் தங்க வைத்த பள்ளிவாசலுக்கு நன்றி. அடுப்படியில் நின்றவர்கள் யாரென்றுகூட நான் எட்டிப் பார்க்கவில்லை. பிரிஞ்சி நன்றாக இருந்தது என்று மட்டும் பதிவு செய்கிறேன்.

எங்கள் இன்வெர்ட்டர் பேட்டரியைக் கொண்டுபோனவருக்கும் ஒரு வார்த்தை. வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது என்று முதலில் நினைத்தோம். வெள்ளத்துக்கு ஸ்பேனர் பிடித்து நட்டு கழற்றத் தெரியாது. உங்களை இதில் சேர்க்காமல் விட்டால் கணக்கு பொய்யாகிவிடும்.

தண்ணீர் வடிந்தபின் வெளிமாவட்டங்களிலிருந்து வந்த துப்புரவுப் பணியாளர்களே, உங்களுக்குச் சொல்லத்தான் எனக்கு நா எழவில்லை. என் வீட்டுக் கட்டில், மெத்தை, மக்கிய புத்தகம், செத்த எலி எல்லாம் தெருவில் ஒரு ஆள் உயரத்துக்குக் கிடந்தன. உங்களில் சிலர் கையில் உறை இல்லை. நான் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு, “அந்த ஓரத்தையும் கொஞ்சம் பாருங்க” என்று சொன்னேன். டீ வாங்கித் தந்தது என் மனைவி. ஒரு அக்கா நனைந்த புத்தகம் ஒன்றைத் தனியே எடுத்து, “இது வேணுமா சார்?” என்று கேட்டார். குப்பையோடு குப்பையாகத் தள்ளியிருக்கலாம். எத்தனை வீட்டுக் குப்பைக்கு நடுவில் அவருக்கு அது கேட்கத் தோன்றியது என்பதை இன்னும் யோசிக்கிறேன்.

இனி படகுக்காரத் தம்பிகளே.

வியாழக்கிழமை லாரியில் ஏற்றிவந்த ஃபைபர் படகு. பட்டினப்பாக்கம் பக்கம் என்று சொன்னீர்கள். தண்ணீருக்கடியில் நிற்கும் பைக்கும் காரும் இன்ஜின் விசிறியைப் பிடித்துக்கொள்ளும் என்று, மூன்று பேரும் கழுத்தளவு சாக்கடைத் தண்ணீரில் இறங்கிக் கயிற்றால் இழுத்தீர்கள். நான் நனைந்த வேட்டியில் நடுங்கிக்கொண்டிருந்தேன். ஒருவர் பலகைக்கடியிலிருந்து பிளாஸ்டிக் கவரைப் பிரித்துக் கைலி ஒன்றை எடுத்துக் கொடுத்தார், திரும்பும்போது உடுத்திக்கொள்ளத் தனக்கென்று வைத்திருந்தது. “கட்டிக்கோ பெருசு, ஜுரம் வந்துடும்” என்றார். பனியனுக்குள்ளிருந்து நனைந்த ஐந்நூறு ரூபாய்த் தாள்களை எடுத்து நீட்டினேன். “வை வை, ஊட்ல போய் காய வெச்சி எண்ணு” என்று சிரித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டீர்கள்.

அந்தக் கைலிதான் இந்த மடலைப் பத்து வருடம் எழுதவிடாமல் வைத்திருந்தது.

2004 டிசம்பர் 26-ல் சுனாமி உங்கள் குப்பங்களுக்குள் வந்து போனபின் எங்கள் கல்லூரியில் துணி சேகரித்தார்கள். என் மனைவி நல்ல புடவையாக நாலு எடுத்து வைத்தாள். அதில் இரண்டை நான் பீரோவுக்குத் திருப்பிவிட்டு, பொத்தல் விழுந்த வேட்டிகளை மடித்து மூட்டையில் வைத்தேன். அவர்களுக்கு என்ன தெரியப்போகிறது என்று சொன்னதும் நினைவிருக்கிறது. கொஞ்ச நாளில் பத்திரிகையில் படம் வந்தது: கடலோரச் சாலைகளில் யாரும் தொடாமல் குவிந்து கிடந்த பழந்துணி. என் வேட்டிகள் அந்தக் குவியலில்தான் இருந்திருக்கும்.

ஓய்வு பெற்றபின் மென்சியஸைத் திரும்ப எடுத்தேன். கி.மு. 4ஆம் நூற்றாண்டுச் சீன அறிஞர். கிணற்றில் விழப்போகும் குழந்தையைக் கண்டால் எவன் மனமும் திடுக்கிடும் என்றவர். வகுப்பில், “திடுக்கிடும், சரி, ஓடுமா?” என்று கேட்டு அவரை ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவேன். அவரே ஒரு மொட்டை மலையைப் பற்றியும் பேசுகிறார். ஊருக்கு அருகில் இருந்ததால் மரங்களை வெட்டிவிட்டார்கள், துளிர்த்ததை ஆடுமாடு மேய்ந்துவிட்டது, இப்போது பார்ப்பவன் இது என்றைக்குமே மொட்டைதான் என்று நினைக்கிறான். சென்னைக்காரனுக்கு மலை எதற்கு, ஏரி போதும். பிளாட் போட்டு, தெருவுக்குப் பெயர் வைத்து, பஸ்ஸும் விட்டபின் இங்கே ஏரி இருந்தது என்றால் சிரிக்கிறார்கள். மழை வந்தால் தண்ணீருக்குத் தன் இடம் தெரிகிறது. மென்சியஸுக்குப் பின்னால் வந்த ஷுன்ஸி, இயல்பு கெட்டதுதான் என்று எதிர்வாதம் செய்தவர். அவரும், பழகினால் யாரும் நல்லவராகலாம் என்றுதான் சொல்கிறார். அந்தப் பாதியை நான் நடத்தியதே இல்லை.

மனிதன் கெட்டவன் என்பது எனக்கு வசதியான கட்சியாக இருந்தது. எல்லாரும் அப்படித்தான் என்றால், இரண்டு புடவையைத் திருப்பி பீரோவில் வைத்ததற்கு நான் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லையே.

2016-ல் பட்டினப்பாக்கம் வந்து விசாரித்தேன். மீன் விற்ற அம்மா ஒருத்தர், “எங்கூட்டு போட்டும் போச்சு, பக்கத்தூட்டு போட்டும் போச்சு, நீ எதைக் கேக்கற? மீன் வேணுமா வேணாமா?” என்றார். வஞ்சிரம் வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

கைலி நீலக் கட்டம் போட்டது, ஓரத்தில் சின்னதாக ஒரு தையல். துவைத்து, பீரோவில் அந்த இரண்டு புடவைகளுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அதே தெரு, அதே வீடுதான். இப்போது நாங்கள் முதல் மாடியில் இருக்கிறோம். படியேற முடியாவிட்டால் கீழே நின்று குரல் கொடுங்கள், நான் இறங்கி வருகிறேன்.

இப்படிக்கு,
கூடைக்காரப் பெருசு