மருத்துவரைப் பார்க்க யாரிடம் கேட்க வேண்டும்? சிங்கப்பூரிலிருந்து நண்பருக்கு ஒரு கடிதம்

சிங்கப்பூர்

அன்பு நண்பா,

வணக்கம். உன் கடிதம் கிடைத்தது. சுகாதார ஆய்வாளர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அறந்தாங்கிப் பக்கத்து ஊர்க்காரர்கள் இரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லி உன் வீட்டுத் திண்ணைக்கு வருகிறார்கள் என்று எழுதியிருந்ததைப் படித்து மகிழ்ந்தேன். இங்கே வீட்டில் எல்லோரும் நலம். பள்ளி வேலையை விட்ட பிறகு, வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கான ஓர் இலவச மருத்துவ முகாமில் மருத்துவருக்கும் தமிழ்த் தொழிலாளிக்கும் இடையே மொழிபெயர்த்துச் சொல்லும் தொண்டைச் செய்து வருகிறேன். ஆகையால் நீ கேட்டிருந்த கேள்வி, நான் நாள்தோறும் நினைத்துக்கொண்டிருக்கும் ஒன்றாகவே அமைந்துவிட்டது.

உன் அக்கா மகன் கட்டுமான வேலைக்காக இங்கே வரப்போகிறான் என்றும், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து பார்த்தபோது அவனுக்கு இரத்த அழுத்தம் இருப்பது தெரியவந்தது என்றும் எழுதியிருந்தாய். அங்கே மாத்திரை கிடைக்குமா, வேலை செய்யும் இடத்தில் இதைச் சொல்லலாமா என்று இரண்டு கேள்விகள் கேட்டிருந்தாய். மாத்திரை கிடைக்கும். சொல்லலாமா என்ற கேள்விக்குத்தான் இந்த நீண்ட கடிதம்.

இங்குள்ள சட்டம் எழுத்தில் வலுவானது. வெளிநாட்டு ஊழியர்களை வேலைக்கு அமர்த்துவது பற்றிய 2012-ஆம் ஆண்டு விதிகளின்படி, வொர்க் பெர்மிட்டில் வரும் தொழிலாளியின் பராமரிப்பும் மருத்துவச் செலவும் அவனை அழைத்து வந்த முதலாளியின் பொறுப்பு. 2007-இல் அரசு மருத்துவமனைகளில் வெளிநாட்டினருக்கான மானியம் நிறுத்தப்பட்டது. அதன்பின் முதலாளி காப்பீடு எடுக்க வேண்டும் என்று சட்டமாக்கி, 2010 முதல் அதன் குறைந்த அளவை ஆண்டுக்கு 15,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று வைத்தார்கள். ஆனால் அந்தக் காப்பீடு, மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கும் ஒரே நாளில் முடியும் அறுவைச் சிகிச்சைக்கும் மட்டுமே உதவும். காய்ச்சல், முதுகுவலி, சர்க்கரை, இரத்த அழுத்தம் என்று மருத்துவரைப் பார்த்துவிட்டுத் திரும்பும் நோய்களுக்கெல்லாம் முதலாளி தன் கையிலிருந்துதான் கொடுக்க வேண்டியிருந்தது. அவசரச் சிகிச்சையைத் தாண்டி ஸ்கேன், அறுவை என்று வரும்போது, செலவை ஏற்றுக்கொள்கிறோம் என்று கம்பெனி எழுதித் தரும் உத்தரவாதக் கடிதத்தை மருத்துவமனை கேட்கும். கம்பெனி அதைத் தாமதித்தால் அந்தச் சிகிச்சையும் தாமதப்படும்.

செலவை ஏற்கும் அதே முதலாளியிடம்தான் தொழிலாளியின் பெர்மிட்டும் இருக்கிறது என்பதை நீ மனத்தில் கொள்ள வேண்டும். மலேசியர் அல்லாத ஒவ்வொரு பெர்மிட் தொழிலாளிக்கும் முதலாளி அரசுக்கு 5,000 வெள்ளி பிணை கட்டுகிறார். பெர்மிட்டை அவர் எந்த நாளும் ரத்துசெய்யலாம். பெர்மிட் காலத்தின் இடையில் வேறு கம்பெனிக்கு மாற வேண்டுமானால், பெரும்பாலும் அவருடைய சம்மதம் வேண்டும். ஏஜெண்டுக்குக் கொடுப்பதற்காக வாங்கிய கடன் ஊரில் வட்டியோடு நிற்கும்போது, 'ஊருக்கு அனுப்பிடுவாங்க' என்ற ஒரு சொல்லுக்கு இருக்கும் பலத்தை வேறு எதனோடும் ஒப்பிட என்னால் முடியவில்லை.

முகாமில் நான் பார்த்த ஒரு தம்பியைப் பற்றிச் சொல்கிறேன். பட்டுக்கோட்டைப் பக்கத்துக்காரர், முப்பது வயதிருக்கும். இரும்புக் கம்பி கட்டும் வேலையில் இடது கட்டைவிரல் நசுங்கி, நகம் கறுத்து, நகத்தின் அடியிலிருந்து நீர் கசிந்துகொண்டிருந்தது. மருத்துவர் கட்டுப்போட்டுவிட்டு விடுப்புச் சீட்டு (இங்கே எம்சி என்பார்கள்) எழுதப் பேனாவை எடுத்ததும், அந்தத் தம்பி என் பக்கம் திரும்பி, "எம்சி வேண்டாம்னு டாக்டர்கிட்ட சொல்லுங்க சார், மருந்து மட்டும் போதும்" என்றார். மருத்துவ விடுப்புக்கு இங்கே சம்பளம் உண்டு. ஆறு மாதம் வேலை பார்த்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள் விடுப்பும், மருத்துவமனையில் சேர்ந்தால் அதையும் உள்ளடக்கி 60 நாள் வரையிலும் சட்டம் தருகிறது. ஆனால் ஓவர்டைம் பணம் அதில் சேராது. ஓவர்டைமை நம்பித்தான் எல்லோரும் ஊருக்குப் பணம் அனுப்புகிறார்கள். அதைவிட, எம்சி அடிக்கடி எடுப்பவன் என்று சூப்பர்வைசர் வாயில் பெயர் விழுந்துவிட்டால் அடுத்த முறை பெர்மிட் புதுப்பிக்கும்போது என்ன ஆகும் என்ற பயம் பெரிது. சட்டம் கொடுத்திருக்கும் உரிமையை வேண்டாம் என்று சொல்லும்படி ஒரு தொழிலாளியை எது தள்ளுகிறது என்பதை இந்த அரசு, அல்லது எந்த அரசும், விதிகளை எழுதும்போது முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

விபத்துகளைப் பொறுத்தவரை ஒரு நல்ல மாற்றம் வந்திருக்கிறது. முன்பெல்லாம் மூன்று நாளுக்கு மேல் விடுப்பு கொடுத்தால்தான் கம்பெனி மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றிருந்ததால், இரண்டு நாள் எம்சியும் பிறகு 'லைட் டியூட்டி'யும் எழுதிக் கொடுக்கும் வழக்கம் சில இடங்களில் இருந்தது. கை ஒடிந்தவனும் தளத்தில் போய் உட்கார்ந்திருப்பான். 2020 செப்டம்பர் முதல் நடைமுறைக்கு வந்த வேலைக்காய இழப்பீட்டுச் சட்டத்தின்படி, வேலையில் பட்ட காயத்துக்கு ஒரு நாள் விடுப்போ லைட் டியூட்டியோ கொடுத்தாலும் கம்பெனி தெரிவித்தாக வேண்டும். உன் அக்கா மகனிடம் இதை மறக்காமல் சொல். எங்கே, எப்போது, எப்படிக் காயம் பட்டது, உடன் இருந்தவர் யார் என்பதை அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லி எழுதவைக்க வேண்டும். படமும் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி மாத்திரைக்கு வருகிறேன். 2020 ஏப்ரலில் இங்கே தொழிலாளர் விடுதிகளில் கொரோனா பரவியது உனக்கு நினைவிருக்கும். ஏப்ரல் 5 அன்று பொங்கோலிலும் தோ குவானிலும் இருந்த இரண்டு பெரிய விடுதிகளை முதலில் அடைத்தார்கள். பின்னர் எல்லா விடுதிகளும் அடைபட்டன. அந்த ஆண்டு டிசம்பரில் அரசே வெளியிட்ட கணக்கின்படி, விடுதிகளில் இருந்த சுமார் 3,23,000 பேரில் 47 விழுக்காட்டினருக்குத் தொற்று வந்து போயிருந்தது. ஒரே அறையில் பன்னிரண்டு, இருபது பேர் என்று அடுக்குக் கட்டில்களில் வைத்து, குளியலறையையும் சமையலறையையும் நூற்றுக்கணக்கானோர் பகிர்ந்துகொள்ளும்படி விட்டிருந்ததற்கு அதைவிட வேறு என்ன நடக்கும்? தொழிலாளர் நல அமைப்புகள் பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்ததை நோய் வந்த பிறகுதான் கேட்டார்கள் என்பது எனக்கு இன்றும் வருத்தம். புதிதாகக் கட்டும் விடுதிகளில் ஓர் அறைக்கு 12 பேருக்கு மேல் இருக்கக்கூடாது, ஆறு பேருக்கு ஒரு கழிப்பறையாவது வேண்டும் என்ற விதிகள் அதன் பிறகே வந்தன.

அந்த அனுபவத்திலிருந்து பிறந்ததுதான் பிரைமரி கேர் பிளான் என்னும் அடிப்படை மருத்துவத் திட்டம். 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. விடுதியில் தங்குவோருக்கும், கட்டுமானம், கப்பல் பட்டறை, எண்ணெய், இரசாயனம் போன்ற செயலாக்கத் தொழிற்சாலை ஆகிய துறைகளில் வேலை செய்வோருக்கும் முதலாளி இதை வாங்கித்தான் ஆக வேண்டும்; இல்லாவிட்டால் பெர்மிட் கிடைக்காது. தலைக்கு ஆண்டுக்கு 108 முதல் 138 வெள்ளி என்று கட்டணத்தை வைத்துத் தொடங்கினார்கள். முதலாளி முன்கூட்டியே கட்டிவிடுவதால், தொழிலாளி எத்தனை முறை மருத்துவரைப் பார்த்தாலும் கம்பெனிக்குக் கூடுதல் செலவு இல்லை. தொழிலாளி தன் வட்டாரத்து மையத்தில் ஒவ்வொரு முறையும் 5 வெள்ளியும், தொலைபேசி வழியாக மருத்துவரிடம் பேசினால் 2 வெள்ளியும் கொடுத்தால் போதும். சர்க்கரை, இரத்த அழுத்தம் போன்ற நீண்டகால நோய்களும் ஆண்டுக்கு ஒருமுறை உடல் பரிசோதனையும் இதில் அடங்கும்.

இந்தத் திட்டத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். பணத்தின் அளவு நல்லதுதான், ஆனால் காரணம் அதுவன்று. சாதாரண நோய்க்கு மருத்துவரைப் பார்க்க முதலாளியிடம் கடிதம் வாங்கும் தேவையை இது எடுத்துவிட்டது. திட்டம் வருவதற்கு முன், விடுதியிலிருந்து வந்த ஒரு பெரியவர் தன் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து மருத்துவர் மேசையில் வைத்தார். இரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின் மாத்திரை. 'தமிழ்நாடு அரசு வழங்கல், விற்பனைக்கு அல்ல' என்று அச்சிட்டிருந்தது. அவர் மனைவி ஊரில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாங்கி, ஊருக்கு வந்துபோகிறவர்கள் கையில் கொடுத்தனுப்பியது. அடுத்த ஆள் வரும்வரை வரவேண்டுமே என்று ஒவ்வொன்றையும் பாதியாக உடைத்து விழுங்கிக்கொண்டிருந்தார். அவருடைய அழுத்தம் அன்றைக்கு எவ்வளவு இருந்திருக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இந்த நாட்டின் கட்டடங்களைக் கட்டுகிற ஒருவருக்கு, கடல் கடந்து புதுக்கோட்டையின் ஆரம்ப சுகாதார நிலையம் மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தது. உன்னைப் போன்ற பணியாளர்களை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது. இங்குள்ள ஏற்பாட்டை நினைத்து வெட்கமாகவும் இருந்தது. இன்றைக்கு அவர் நிலையில் இருப்பவர் 5 வெள்ளியோடு மையத்துக்குப் போய் முழு மாத்திரை வாங்கிக்கொள்ளலாம்.

மருத்துவமனைக் காப்பீட்டையும் 2023 ஜூலை முதல் 60,000 வெள்ளியாக உயர்த்தியிருக்கிறார்கள். முதல் 15,000-ஐக் காப்பீட்டு நிறுவனமே கொடுக்கும். அதற்கு மேற்பட்டதில் நான்கில் ஒரு பங்கை முதலாளி ஏற்க வேண்டும். 2025 ஜூலை முதல் காப்பீட்டு நிறுவனம் மருத்துவமனைக்கே நேரடியாகப் பணத்தைக் கொடுத்துவிடும் ஏற்பாடும் வந்துள்ளது. உத்தரவாதக் கடிதத்துக்காகக் காத்திருக்கும் அவலம் இதனால் குறையும் என்று நம்புகிறேன்.

அதே மாதத்தில் வந்த வேறு இரண்டு மாற்றங்களை நான் கவலையோடு சேர்த்துப் பார்க்கிறேன். பெர்மிட் தொழிலாளி இத்தனை ஆண்டுதான் வேலை செய்யலாம் என்ற வரம்பை நீக்கி, உச்ச வயதையும் 60-லிருந்து 63 ஆக்கினார்கள். அனுபவமுள்ளவர்கள் நீடித்திருக்கலாம் என்பது நல்லதே. ஆனால் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்குக் காப்பீட்டுக் கட்டணம் தனி என்ற விதியும் அப்போதே நடப்புக்கு வந்தது. இளமை முழுவதையும் இங்கே வெயிலில் செலவழித்து, சர்க்கரையும் மூட்டுத் தேய்மானமும் வந்து சேர்கிற வயதில், அந்தத் தொழிலாளிக்காகக் கம்பெனி கட்டும் தொகையும் கூடும் என்றால், புதுப்பிக்கும் நாளில் முதலாளி எந்தப் பக்கம் சாய்வார்? எல்லா வயதினருக்கும் ஒரே கட்டணம் என்று அரசு வைத்திருக்க வேண்டும். இளையவர்களுக்குச் சில வெள்ளி கூடியிருக்கும், அவ்வளவுதான்.

வீட்டு வேலைக்கு வரும் பெண்களைப் பற்றி நீ கேட்கவில்லை. ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கை மலையகத்திலிருந்தும் வந்தவர்கள் அவர்களில் உண்டு. அவர்கள் இந்த அடிப்படை மருத்துவத் திட்டத்தில் இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவர்களுக்குக் கட்டாயப் பரிசோதனை உண்டு; கருவுற்றிருக்கிறார்களா, தொற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அந்தப் பெண்ணின் முதுகுவலியையும் தூக்கமின்மையையும் மனச்சோர்வையும் கேட்டு மருந்து தரும் ஏற்பாடு, அவள் வேலை செய்யும் வீட்டுக்காரரின் மனத்தைப் பொறுத்தே இருக்கிறது. கட்டுமானத் தொழிலாளிக்குச் செய்ததை இவர்களுக்கும் நீட்டிக்க முடியாது என்பதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

நம் பக்கத்து ஏற்பாட்டையும் சொல்லிவிடுகிறேன். வளைகுடா, மலேசியா போன்ற நாடுகளுக்கு இசிஆர் (வேலைக்கு வெளிநாடு செல்ல அரசின் அனுமதி தேவை) முத்திரை உள்ள பாஸ்போர்ட்டில் போகிறவர்களுக்கு இந்திய அரசின் பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீடு கட்டாயம். சிங்கப்பூர் அந்த நாடுகளின் பட்டியலில் இல்லாததால், இங்கே வரும் பையன்கள் அந்தக் கட்டாயத்துக்கு வெளியே நிற்கிறார்கள். எனவே அவன் புறப்படுமுன் தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நல வாரியத்தில் பதிவு செய்யச் சொல்.

இப்போது நீ கேட்ட இரண்டாவது கேள்வி. வந்து இறங்கியதும் நடக்கும் பெர்மிட் மருத்துவப் பரிசோதனையில் அவன் எதையும் மறைக்கக்கூடாது. சாப்பிடும் மாத்திரையின் பெயரையும் அளவையும் மருத்துவரிடம் சொல்லட்டும். மருத்துவர் வேலைக்குத் தகுதி என்று சான்று கொடுத்த பிறகு, சூப்பர்வைசரிடம் தானாகப் போய்ச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. உயரத்தில் ஏறும் வேலை கொடுத்து, அப்போது தலைசுற்றல் இருந்தால் மட்டும் உடனே சொல்லியாக வேண்டும். கையில் மூன்று மாத மாத்திரையும், நம் ஊர் மருத்துவர் ஆங்கிலத்தில் எழுதிய ஒரு சீட்டும் இருக்கட்டும். வந்த வாரமே தன் விடுதிக்குரிய மருத்துவ மையம் எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல். என் எண்ணை அவனுக்குக் கொடு. மொழி தடையாக இருந்தால் நான் கூடப் போகிறேன்.

உன்னிடம் ஓர் உதவி கேட்கிறேன். பெர்மிட் முடிந்து ஊர் திரும்புகிறவர்களுக்கு இங்கே இருந்த காப்பீடும் மாத்திரையும் விமானம் ஏறும் நாளோடு முடிந்துவிடுகின்றன. பலர் தங்கள் பரிசோதனை முடிவுகளை எடுத்துப் போவதும் இல்லை. இங்கே கிளம்புகிறவர்களிடம் அதைப் பிரதியெடுத்துக் கொண்டுபோகச் சொல்லி வருகிறேன். உன் பகுதிக்குத் திரும்பி வருபவர்கள் யாராவது திண்ணைக்கு வந்தால், அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்து, ஆரம்ப சுகாதார நிலையத்தின் பதிவேட்டில் அவர்களைச் சேர்த்துவிடு. முடியுமா என்று எழுது.

தங்கைக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்