‘வெறும் 2 ஹெக்டேர்’ என்று எழுதும் அதிகாரிகளுக்கு

காட்டுக்குள் சாலைக்கும் மின்தடத்துக்கும் அனுமதி வழங்கும் அதிகாரிகளுக்கு, வணக்கம்.

இன்னொரு கோப்பு, அதில் அதே பழைய வரி: ‘வனநில இழப்பு மிகக் குறைவு’. காட்டைத் துண்டு போட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் பாடம் எடுக்க வரவில்லை, நீங்கள் அறியாததா? ஒரே ஒரு கணக்கை மட்டும் கூடவே போட்டுப் பாருங்கள்.

ஒரு கிலோமீட்டர் நீளம், ஒரு கிலோமீட்டர் அகலம், ஆக 100 ஹெக்டேர் காடு. வெயிலும் காற்றும் ஓரத்திலிருந்து 100 மீட்டர் உள்ளே புகுந்து ஈரத்தை உறிஞ்சுகின்றன என்று வைத்தால், உண்மையான உட்காடு 64 ஹெக்டேர். நடுவில் 20 மீட்டர் அகலத்தில் சாலை போடுகிறீர்கள். அதன் இரு பக்கமும் புது ஓரம், அங்கிருந்தும் 100 மீட்டர் உள்ளே காய்கிறது. காகிதத்தில் போனது 2 ஹெக்டேர், உட்காட்டில் போனது 17.6. இந்த 17.6 எந்தக் கோப்பிலும் வராது. அதனால்தான் கேட்கிறேன்: ஒவ்வொரு திட்டத்தையும் தனித்தனியாகப் பார்க்காமல், ஏற்கெனவே வெட்டிய எல்லாத் தடங்களையும் சேர்த்து ஒரே வரைபடமாக வெளியிடுங்கள்.

தரையில் கால் வைக்காமலே வாழப் பழகிய குரங்கை நினைத்துப் பாருங்கள். குட்டியை வயிற்றோடு ஒட்டிக்கொண்டு கடைசிக் கிளை வரை வருகிறது, எதிர்க்கிளை எட்டவில்லை. கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்க்கிறது, திரும்பிப் போகிறது, மறுபடி வருகிறது. அப்புறம் வேறு வழியில்லாமல் தாருக்கு இறங்குகிறது. மிச்சத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. ஈடாக வேறெங்கோ மரக்கன்று நட்டாயிற்று என்கிறீர்கள், சரி, அந்தக் குரங்குக்கு முகவரி மாற்றம் அனுப்பிவிட்டீர்களா?

மரம் நின்றால் காடு நிற்கிறது என்றும் சொல்ல முடியாது. பிரேசிலின் மனௌஸ் நகருக்கு அருகே 1979 முதல் நடக்கும் ஆய்வில், படையெறும்புகளின் பின்னால் போய் இரை பிடிக்கும் பறவைகள் சுற்றிலும் வெட்டப்பட்டுத் தனித்து நின்ற 1 ஹெக்டேர், 10 ஹெக்டேர் காட்டுத் துண்டுகளிலிருந்து காணாமலே போயின. மரங்கள் அங்கேயேதான் நின்றன.

அப்புறம் நிலம். சாலை வந்தால் கிளைச்சாலை, அதையொட்டி மனை, தோட்டம், வேலி. வழி மறிபட்ட விலங்கு பயிருக்குள் இறங்கினால் ‘ஊருக்குள் அட்டகாசம்’ என்று செய்தி, உடனே இன்னொரு வேலிக்கு நிதி. இரவெல்லாம் கண்விழித்துப் பயிர் காக்கும் விவசாயி உங்கள் வரைபடத்தைப் பார்த்ததே இல்லை, பழி மட்டும் அவருக்கும் விலங்குக்கும். ‘விலங்குகள் கடக்கும் பகுதி’ என்று மஞ்சள் பலகை ஒன்றை நட்டுவிட்டு நாம் கடமையை முடித்துக்கொள்கிறோம், விலங்குகளுக்குத்தான் இன்னும் எழுத்துக் கூட்டத் தெரியவில்லை.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னியுங்கள். கேட்பது இவ்வளவுதான்: தடங்கள் அத்தனையும் சேர்ந்த ஒரே வரைபடத்தை எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். அது வெளிவரும்வரை மேசையில் இருக்கும் இந்தக் கோப்பில் கையெழுத்துப் போடாதீர்கள், தயவுசெய்து.