லியாங் ஷூமிங்கின் துணிவு

ஆசிரியருக்கு வணக்கம்.

பண்டைச் சீன ஞானி கன்பூசியஸின் வழிவந்த நவீன கன்பூசியச் சிந்தனையை ஏட்டுத் தத்துவம் என்று ஒதுக்குவோர் சீனத் தத்துவ அறிஞர் லியாங் ஷூமிங்கின் (1893-1988) வாழ்க்கையை அறிய வேண்டும். பல்கலைக்கழகப் பட்டம் இல்லாத அவர் 1917-இல் பீக்கிங் பல்கலைக்கழகத்தில் இந்தியத் தத்துவம் கற்பித்தார். பௌத்தத்தில் தோய்ந்திருந்தவர் பின்னர் கன்பூசியத்தின் பக்கம் திரும்பினார். சீனாவின் உயிர் கிராமத்தில்தான் இருக்கிறது என்று நம்பி, 1931 முதல் ஷாண்டோங் மாநிலத்தின் சோபிங்கில் உழவர்களுக்குப் பள்ளிகளும் கூட்டுறவுச் சங்கங்களும் அமைத்தார். ஜப்பானியப் படையெடுப்பு அந்தப் பணியை முடக்கியது.

1953-இல் உழவர்களின் அவலத்தைச் சொல்லி மாவோவிடமே நேருக்கு நேர் வாதாடியவர் அவர். எத்தனை பேருக்கு அந்த நெஞ்சுரம் வரும்! 1974-இல் கன்பூசியஸைக் கண்டிக்க அரசு நடத்திய இயக்கத்துக்கும் பணிய மறுத்தார். இவரைப் பற்றி விரிவான கட்டுரை ஒன்றை வெளியிடுங்கள்.

வாசகர், மதுரை