விட்டுப்போன வரி

பாளையங்கோட்டை,
ஞாயிறு மாலை.

அன்புள்ள தங்கராஜ்,

ஸ்தோத்திரம். உன் கடிதம் வியாழக்கிழமையே கைக்கு வந்துவிட்டது. அவசரத்தில் எதையாவது எழுதி அனுப்ப மனம் வரவில்லை, அதனால்தான் மூன்று நாள் தாமதம். இங்கே எல்லாரும் சுகம். என் வீட்டுக்காரிக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. இன்று காலை கோயிலுக்கு ஆட்டோ இல்லாமல் நடந்தே வந்தாள். முருங்கை மரம் போன வாரக் காற்றில் சாய்ந்துவிட்டது. சின்னவள் பிரசவத்துக்கு அடுத்த மாதம் வருகிறாள். வீட்டுச் செய்தி அவ்வளவுதான்.

உன் கடிதத்துக்கு வருகிறேன். உன் மகன் சாப்பாட்டு மேசையில் கேட்டதை அப்படியே எழுதியிருந்தாய். "வேதத்தில் மனுஷன் கைபட்டிருக்கிறது, வரிகளைச் சேர்த்திருக்கிறார்கள், விட்டிருக்கிறார்கள். பிறகு எப்படி அதை உண்மை என்கிறீர்கள்?" நீ பதில் சொல்லாமல் எழுந்து போய்க் கைகழுவினதாகவும், அவனுக்குச் சொல்ல அல்ல, உனக்கே சொல்லிக்கொள்ள ஒரு பதில் இல்லை என்பதுதான் ராத்திரி முழுக்க உறுத்தியது என்றும் எழுதியிருந்தாய். அந்த வரியைப் படித்தபோது உன் பக்கத்தில் வந்து உட்கார வேண்டும்போல் இருந்தது.

நீ எழுத்துக் கோக்கிற கம்பாசிட்டர், நான் பிழை பார்க்கிற புரூஃப் ரீடர். முப்பது வருஷம் ஒரே பிரஸ்ஸில் இருந்தோம். கைபட்ட புத்தகம் என்றால் என்னவென்று நம் இரண்டு பேருக்கும் தெரிந்த மாதிரி உன் மகனுக்குத் தெரிய நியாயமில்லை. 136ஆம் சங்கீதம் ஞாபகம் இருக்கிறதா? ஒரு ஸ்தோத்திர ஆராதனைக்கு முந்நூறு பிரதி. 26 வசனமும் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்றே முடியும். நீ அச்செழுத்து அடுக்கும் ஸ்டிக்கில் ஒரு வசனத்தைக் கோத்துவிட்டு மூலக் காப்பியைத் திரும்பிப் பார்க்கும்போது, கண் அடுத்த "என்றுமுள்ளது"வில் போய் நின்றுவிட்டது. இஸ்ரவேலைப் புறப்படப்பண்ணின 11ஆம் வசனம் போயே போய்விட்டது. புரூஃப் பார்த்த என் கண்ணும் அதே இடத்தில் அதே மாதிரி தாவியது. அச்சடித்து, எழுத்தைப் பிரித்துக் கேஸில் போட்ட பிறகுதான் எண்ணிப் பார்த்தோம். விடிய விடிய நீயும் நானும் உட்கார்ந்து முந்நூறு பிரதியிலும் அந்த வசனத்தை இரண்டு வரிக்கு நடுவில் பொடி எழுத்தில் எழுதி, இடம் போதாமல் ஓரத்தில் இறக்கினோம். உன் விரலில் மை காய்ந்து கறுத்திருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அதை ஏன் இப்போது சொல்கிறேன் என்றால், போன வருஷம் பேரன் தன் டேப்லெட்டில் எனக்கு ஏசாயா சுருளைக் காட்டினான். 1947இல் சவக்கடல் ஓரம் கும்ரான் குகையில் ஆடு மேய்க்கிறவர்கள் கண்டெடுத்தார்களே, அந்தச் சுருள். 17 தோல்களைச் சேர்த்துத் தைத்தது, ஏழு மீட்டருக்கு மேல் நீளம், 54 பத்தி. இயேசு பிறப்பதற்கு நூறு வருஷத்துக்கும் முன்னால் எழுதினது என்று கணக்கிடுகிறார்கள். எருசலேம் அருங்காட்சியகத்தார் முழுவதையும் படம் எடுத்துப் போட்டிருக்கிறார்கள், விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கலாம். எபிரேயம் எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் 40ஆம் அதிகாரம் வரும் பத்தியில் கை தானாக நின்றுவிட்டது. நேராக ஓடுகிற வரிகளுக்கு நடுவில், வேறு கையில், பொடி எழுத்தில் ஒரு வரி செருகியிருக்கிறது. அது வரி முடிவில் இடம் போதாமல் இடது ஓரத்தில் திரும்பிக் கீழே இறங்குகிறது. தங்கராஜ், அது நம் கை. முந்நூறு பிரதியில் நாம் எழுதினதும் இப்படித்தான் இருந்தது.

பேரனை விட்டு விவரம் தேடச் சொன்னேன். விட்டுப்போனது எந்த இடம் தெரியுமா? 7ஆம் வசனத்திலும் 8ஆம் வசனத்திலும் "புல் உலர்ந்து, பூ உதிரும்" என்று இரண்டு தடவை வருகிறது அல்லவா, அங்கேதான். முதலில் எழுதினவர் முதல் "பூ உதிரும்" எழுதி முடித்துத் தலை நிமிர்ந்து மறுபடி பார்த்தபோது, கண் இரண்டாவது "பூ உதிரும்"மில் விழுந்திருக்கிறது. எபிரேயத்தில் நடுவில் இருந்த "கர்த்தரின் ஆவி அதின்மேல் ஊதும்போது", "ஜனமே புல்" எல்லாம் போய்விட்டது. பிறகு வந்த ஒருவர் கண்டுபிடித்துச் சேர்த்திருக்கிறார். கர்த்தரின் நாமம் வரவேண்டிய இடத்தில் அதை எழுதவும் பயந்து நான்கு புள்ளி மட்டும் வைத்திருக்கிறார். அந்த நான்கு புள்ளியைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் இருந்தேன்.

இதில் ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன், உன் மகன் தேடினால் அவனுக்கும் கிடைக்கும். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பிலும் அதே வார்த்தைகள் இல்லை. அதனால் சில அறிஞர்கள், முதல் ஆள் எதையும் விடவில்லை, அந்த வரிதான் பிற்பாடு வந்தது என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் ஒரே சொல் இரண்டு தடவை வருகிற இடத்தில் கண் எப்படித் தாவும் என்று தெரிந்தவன் நான். கிரேக்கத்தில் பெயர்த்தவர் கையிலிருந்த பிரதியிலும் அதே தாவல் நடந்திருக்கலாம் என்றுதான் எனக்குப் படுகிறது.

எபிரேய வேதாகமம் முழுவதற்கும் இன்று மிஞ்சியிருக்கிற மிகப் பழைய கைப்பிரதி, அந்தச் சுருளுக்கு வெகு பின்னால், கி.பி. 1008இல் எழுதினது. நடுவில் ஆயிரம் வருஷத்துக்கு மேல் இடைவெளி. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எழுத்து வித்தியாசம் நிறைய இருக்கிறது, சில இடத்தில் சொல்லும் மாறுகிறது. ஆனாலும் அதே ஏசாயாதான். இத்தனை தலைமுறை கைமாறி வந்த புத்தகத்துக்கு இது சின்ன காரியமில்லை. நம் பிரஸ்ஸில் ஒரு பஞ்சாங்கம் ஐந்து பதிப்பு போவதற்குள் என்ன ஆனது என்று உனக்குத் தெரியும்.

வத்திக்கான் நூலகத்தில் 4ஆம் நூற்றாண்டுக் கிரேக்கப் பிரதி ஒன்று இருக்கிறது. அதில் எபிரெயர் 1:3இல், நாம் "தாங்குகிறவர்" என்று படிக்கிற இடத்தில் முதலில் "வெளிப்படுத்துகிறவர்" என்று பொருள்படுகிற சொல்லை எழுதியிருந்தார்கள். கிரேக்கத்தில் இரண்டு சொல்லும் கிட்டத்தட்ட ஒன்றுபோல் இருக்கும். ஒருவர் அதைத் திருத்தினார். இன்னொருவர் வந்து திருத்தினதை அழித்துப் பழையபடி ஆக்கிவிட்டு, ஓரத்தில், அறிவுகெட்ட பொல்லாதவனே, பழையதை அப்படியே விடு, மாற்றாதே என்று எழுதிவைத்திருக்கிறார். உண்மையில் திருத்தினவர் போட்ட சொல்தான் சரி என்பதே இன்று பெரும்பாலானவர்கள் முடிவு. அதை விடு. ஒரு சொல்லுக்காக அந்த மனுஷனுக்கு வந்த கோபத்தைப் பார். இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தவர்கள் நடுவில் அப்படி ஒரு கோபம் வருமா?

சரி, உன் மகன் சொன்ன சேர்த்த இடங்கள். அவன் சொல்வது உண்மை, அதை மறுக்காதே. நாம் ஓய்வுநாள் பள்ளியில் ஒப்புவித்துப் பரிசு வாங்கிய 1 யோவான் 5:7, "பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர்", பழைய கிரேக்கப் பிரதிகளில் இல்லை. ஐரோப்பிய அறிஞர் எராஸ்மஸ் 1516இல் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டபோது அதைச் சேர்க்கவில்லை. எதிர்ப்பு வந்தது, 1522 பதிப்பில் சேர்த்தார். நம் பழைய மொழிபெயர்ப்பில் அது இன்னும் இருக்கிறது; புதிய மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் பார், இருக்காது. இது தெரியவந்த அன்று எனக்கு வயிற்றைப் பிசைந்தது உண்மை. விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் கதையும் அப்படித்தான், யோவானின் மிகப் பழைய பிரதிகளில் காணோம். ஆனால் ஒன்றைக் கவனி. இதையெல்லாம் கண்டுபிடித்துச் சொன்னது யார்? பெரும்பாலும் வேதத்தை நேசித்தவர்கள்தான். பிரதி பிரதியாக ஒப்பிட்டு, கண் கெட்டு, இது இங்கே இல்லை என்று எழுதிவைத்தார்கள். மறைக்க நினைத்திருந்தால் ஒரு பிரதியை வைத்துக்கொண்டு மற்றதைக் கொளுத்தியிருக்கலாம். கிரேக்கப் புதிய ஏற்பாட்டுக்கு மட்டும் ஐயாயிரத்துக்கும் மேல் கைப்பிரதிகள் மிஞ்சியிருக்கின்றன. அத்தனையும் ஒரே கைக்குள் ஒருநாளும் இருந்ததில்லை.

அப்புறம், நீ கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று இருக்கிறது. எனக்கு அதுதான் பெரிது. காப்பிக்கும் புரூஃபுக்கும் ஒத்துப்போய்விட்டால் காப்பியில் இருப்பது உண்மையாகிவிடுமா? ஆகாது. எத்தனை பொய்யை நாம் பிழையில்லாமல் அச்சடித்துக் கொடுத்திருக்கிறோம், தேர்தல் நோட்டீஸ் உட்பட! அதனால் பிரதி நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லி உன் மகன் வாயை அடைக்கப் பார்க்காதே, அது நேர்மையில்லை. இயேசு பிறந்தது சீரியாவின் அதிபதி சிரேனியு காலத்துக் குடிமதிப்பின்போது என்கிறார் லூக்கா. யூத சரித்திரக்காரர் ஜொசிபஸ் சொல்கிற கணக்கில் அந்தக் குடிமதிப்பு கி.பி. 6இல் வருகிறது, இயேசு பிறந்தபோது ராஜா என்று மத்தேயு சொல்கிற ஏரோதோ அதற்கு ஏறக்குறைய பத்து வருஷம் முன்பே செத்துவிட்டான். இதற்கு எல்லாரும் ஒத்துக்கொள்ளும் விடை இன்றுவரை கிடைக்கவில்லை. கேட்டால் அப்படியே ஒத்துக்கொள்.

நான் எதை வைத்து நம்புகிறேன் என்று சொல்கிறேன். மாற்குவின் கடைசியை எடுத்துக்கொள். மிகப் பழைய இரண்டு பெரிய பிரதிகளும் 16:8ஓடு நின்றுவிடுகின்றன. கல்லறைக்குப் போன பெண்கள் நடுநடுங்கி ஓடுகிறார்கள், "பயந்திருந்தபடியினால் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லாமற்போனார்கள்". அவ்வளவுதான், முடிந்தது. தரிசனம் இல்லை, ஆறுதல் இல்லை. படித்தவர்களுக்குப் பொறுக்காமல்தான் பின்னால் பன்னிரண்டு வசனம் வந்து சேர்ந்தது. கதை கட்டுகிறவன் இப்படி முடிப்பானா? என் அம்மாவை அடக்கம் பண்ணின மறுநாள் அக்கா தனியாகக் கல்லறைக்குப் போய்விட்டு வந்தாள். வாசலில் உட்கார்ந்தவள் சாயந்தரம்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. மாற்கு படிக்கும்போதெல்லாம் அவள் முகம்தான் எனக்கு வருகிறது. அந்த எட்டாம் வசனம் யாரோ பார்த்து நடுங்கினதிலிருந்து வந்தது என்று என் உள்ளம் சொல்கிறது.

இன்னொன்று, பவுல் கொரிந்தியருக்கு எழுதினது. சிலுவைக்கு ஏறக்குறைய இருபத்தைந்து வருஷத்துக்குள் எழுதின கடிதம். உயிர்த்தெழுந்த இயேசுவை ஐந்நூறு பேருக்கு மேல் ஒரே நேரத்தில் கண்டார்கள் என்று சொல்லி, "அவர்களில் அநேகர் இந்நாள்வரைக்கும் இருக்கிறார்கள்" என்கிறார். சந்தேகம் இருந்தால் போய்க் கேளுங்கள் என்கிற தொனி அது. இயேசுவைத் தெரியாது என்று பேதுரு மறுதலித்ததை நான்கு சுவிசேஷக்காரரும் எழுதியிருக்கிறார்கள். பேதுருவைப் பெரியவராக மதித்த சபைதான் அதை வாசித்துக் காத்தது. இப்படிப்பட்டவர்கள் சொல்வதை நான் நம்புகிறேன். ஒவ்வொரு வருஷக் கணக்கிலும் அவர்கள் தவறவே மாட்டார்கள் என்று அல்ல, கண்டதைக் கண்டபடி சொல்ல அவர்கள் வெட்கத்தையும் பார்க்கவில்லை என்பதால்.

மகனோடு சண்டை போடாதே. அவன் கேட்கிறான் என்பதே பெரிது. என் பெரியவன் கேட்பதுகூட இல்லை, அதுதான் எனக்குப் பாரம். அடுத்த மாதம் எங்கள் சபையில் அசனம். நீ வரும்போது அவனையும் கூட்டி வா. சோறு சாப்பிட்டுவிட்டு மாடியில் உட்கார்ந்து அந்த ஏசாயா பத்தியை மூன்று பேருமாகப் பார்ப்போம். ஓரத்தில் இறங்குகிற வரியை அவனுக்கு நீதான் காட்ட வேண்டும். நம் சங்கீதத் தாளில் ஒரு பிரதி என் பழைய வேதப்புத்தகத்துக்குள் இருக்கிறது, அதையும் எடுத்து வைக்கிறேன். அதில் உள்ள கையெழுத்து உன்னுடையது.

கண் ஆபரேஷனைத் தள்ளிப் போடாதே. தேதி தெரிந்ததும் எழுது, நான் வந்து கூட இருக்கிறேன்.

அன்புடன்,
உன்
ஜெபமணி